வட்டத்துக்குள் நின்றவர்

தான் செய்த தவறைத் தானே வந்து சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியே வாழ்நாளைக் கழித்தவன் நான். என்னிடம் படித்தவர்களில் பலர் நல்ல வக்கீல்கள். செய்ததைச் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது என்பதில்தான் அவர்களுடைய பிழைப்பு. அதனால் அந்தப் பெண்மணி முதல் நாளே என் முன் வந்து நின்று, "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு, கணக்குல எடுத்துக்கோங்க" என்றபோது, இது ஏதோ புதுவகைத் தந்திரம் என்றுதான் நினைத்தேன்.

அது ஒரு தொலைக்காட்சிப் போட்டி. இரண்டிரண்டு பேராக ஊர் ஊராகப் போக வேண்டும். கையில் போனும் காசும் இருக்கக் கூடாது. போட்டிக்காரர்கள் தரும் பஸ் டிக்கெட்டில் போகலாம், இல்லாவிட்டால் கெஞ்சிக் கேட்டு யார் வண்டியிலாவது ஏறிக்கொள்ளலாம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு வேலை கொடுப்பார்கள். முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். கடைசியாக வரும் ஜோடி வீட்டுக்குப் போய்விடும். இயக்குநர் என் பழைய மாணவன். சட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனவன். "சார், விதியெல்லாம் நீங்க எழுதிக் குடுங்க, நடுவராவும் நீங்களே இருங்க. உங்க முகத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்றான். எனக்கு ஓய்வூதியம் போதும். ஆனால் முகம் பற்றி அவன் சொன்னது பிடித்திருந்தது.

விதிகளை நான்தான் எழுதினேன். தண்டனையும் நான் யோசித்ததுதான். விதியை மீறியவர், சுண்ணாம்புத் தூளால் தரையில் போட்ட ஒரு வட்டத்துக்குள் அரை மணி நேரம் நிற்க வேண்டும். நடுவர் விசில் ஊதினால்தான் வெளியே வரலாம். விசிலுக்கு முன் கால் கோட்டைத் தாண்டினால் போட்டியிலிருந்தே நீக்கம். முதல் வாரத்திலேயே டீக்கடைகளில் என்னை "விசில் சார்" என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். நான் தொப்பியைக் கொஞ்சம் சரித்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

அந்தப் பெண்மணிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பிறந்தது வரதராசன்பேட்டைப் பக்கம், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கே பெண்களுக்கென்று ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பழைய கார், இரண்டு ஸ்கூட்டி. நடந்துபோகும்போது ஒரு தெருவில் திரும்ப வேண்டியிருந்தால், பின்னால் யாரும் வராவிட்டாலும் அவர் வலது கை இடுப்பளவு தானாக உயரும். எங்கள் வேனில் ஏறினால் எல்லோரும் பெல்ட் போடும்வரை பேச மாட்டார். "அண்ணே, வளைவுல நிறுத்தாதீங்க" என்று எங்கள் டிரைவரிடம் அவர் சொன்னதுதான் நான் கேட்ட முதல் வார்த்தை. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

கூட வந்தவர் அவருடைய நாத்தனார். ஜவுளிக்கடையில் வேலை. வாயில் கத்திரிக்கோல் வைத்திருப்பவர். அண்ணியும் நாத்தனாரும் ஒரு ஜோடி என்றதுமே இயக்குநர் கையைத் தட்டிச் சிரித்தான். சண்டை வரும், பார்க்க நன்றாக இருக்கும் என்று. சண்டை வந்தது, ஆனால் அவன் நினைத்த சண்டை இல்லை.

அந்த முதல் நாள் தப்பு என்னவென்றால், அரும்பாவூருக்குப் பால் வண்டியில் வந்தபோது, பால்காரர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டார்கள். வேலை செய்யாமல் யாரிடமும் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது விதி. கேமராக்காரர் பின்னால் வேறு வண்டியில் வந்ததால் யாரும் பார்க்கவில்லை.

"கேமரா இல்லாதப்ப ரெண்டு மடக்கு மோர் குடிச்சுட்டோம் சார்."

"குடிச்சேன்னு சொல்லுங்க அண்ணி, குடிச்சோம்னு ஏன் சொல்றீங்க?" என்றார் நாத்தனார். "சார் என்ன சாமியாரா, பாவசங்கீர்த்தனம் பண்றதுக்கு? அதுகூட ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான்."

"நீயும்தானே குடிச்ச?"

"நான் வாய் கொப்பளிச்சேன்."

இருவரையும் வட்டத்துக்குள் நிறுத்தினேன். நாத்தனார் அந்த அரை மணியும் என்னையும் பால்காரரையும் மாட்டையும் திட்டிக்கொண்டே நின்றார். இவர் கைகளைக் கட்டிக்கொண்டு, காலுக்கும் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டார். அன்று கடைசிக்கு முந்தைய இடத்தில்தான் வந்தார்கள்.

தா.பழூரில் ஒரு வயலில் நாற்று நடுகிற வேலை. கயிறு கட்டிப் பாத்தி பிரித்திருந்தோம். அங்கே இவர் வந்து, "சார், எங்க பாத்தியில ஒரு வரிசை நான் நடல, அந்த வயக்காட்டம்மா பேச்சுவாக்குல நட்டுக் குடுத்துட்டாங்க" என்றார். பக்கத்துப் பாத்தி ஜோடி கயிற்றையே நகர்த்தி வைத்திருந்ததை நான் பிறகு படத்தில் பார்த்தேன். அது அவர் கண் எதிரில் நடந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது அவங்க தப்பு சார். அவங்கதான் சொல்லணும்."

அன்றைக்கு அவர் தனியாக வட்டத்தில் நின்றபோது, கேமரா ஓடாத நேரம், நான் பேச்சுக் கொடுத்தேன். இப்படியே போனால் எப்படி ஜெயிப்பீர்கள் என்றேன்.

"எங்க ஸ்கூலுக்கு வர்ற பொண்ணுங்க இருக்காங்கல்ல சார், அதுங்க வூட்டுல புருசனோ அப்பாவோ ஒரே கிண்டல். ரூல்ஸ் பாத்து ஓட்டுனா நீ ஊரு போய்ச் சேர மாட்டேன்னு. சிக்னல்ல நின்னாக்கூட சிரிக்கிறாங்களாம். ரூல்ஸ்படி போயும் மொதல்ல வந்து காட்டுறேன்டின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." பிறகு, "தோத்தாலும் பரவால்ல சார். ஏமாத்துனாங்கன்னு மட்டும் பேர் வந்துரக் கூடாது. அப்புறம் எந்த வூட்டுல பொண்ணை நம்பி அனுப்புவாங்க?" என்றார்.

நான் தலையாட்டினேன். அது நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கு எது முக்கியம் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

எப்படியோ அவர்கள் முன்னேறிவிட்டார்கள். இவருக்கு எந்த ஊருக்கு எந்த வழியில் பஸ் போகும் என்று தெரியும். நாத்தனாருக்கு எந்த லாரிக்காரரையும் சிரிக்க வைத்து நிறுத்தத் தெரியும். அரியலூரிலிருந்து திருமானூருக்குப் போகும் கட்டத்தில் மற்றவர்களைவிட வெகுதூரம் முந்தி வந்தார்கள். கொள்ளிடக் கரைதான் முடிவிடம். அதற்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, பையை என்னிடம் காட்டிவிட்டு, அங்கிருந்து ஆற்றுக்கு ஓட வேண்டும். சித்திரை வெயில். சிமென்ட் லாரிகள் ஓயாமல் போகிற சாலை. பின்னணியில் லாரிகள் தெரிய வேண்டும் என்று இயக்குநர் மரமில்லாத இடமாகப் பார்த்து என்னை நிறுத்தியிருந்தான்.

பஸ் வந்தது. படிக்கட்டு வரை கூட்டம். இறங்கினார்கள். ஓடி வந்து பையை நீட்டினார். நான் தலையாட்டப் போனேன்.

"சார், ஒன்னு. பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தப்ப, உக்காந்திருந்த ஒரு அம்மா என் பையை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. நான் வேணாம்னு சொல்லல."

போட்டியாளரின் பையை வேறு யாரும் சுமக்கக் கூடாது. விதி ஒன்பதோ பத்தோ. மலையேறும் போட்டிகளில் கூலிக்கு ஆள் பிடிப்பதை மனத்தில் வைத்து நான் எழுதியது.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார், பஸ்ஸுல நிக்கிறவங்க பையை உக்காந்திருக்கிறவங்க வாங்கிக்கிறது ஊருல இல்லாத அதிசயமா? வாங்கலன்னாதான் கோவிச்சுக்குவாங்க. நீங்க பஸ்ஸுலயே போனதில்லையா?"

போயிருக்கிறேன். கல்லூரிக்குப் போன காலமெல்லாம் என் புத்தகங்கள் முன்பின் தெரியாதவர்களின் மடியில்தான் பயணம் செய்தன. அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். விதியை எழுதியவன் நான். இதற்கு இது பொருந்தாது என்று நானே சொல்லியிருக்கலாம். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "விதி என்றால் விதிதான்" என்றேன்.

"அதான் சார் சரி" என்றார் அவர்.

வட்டம் போட்டோம். உள்ளே போய் நின்றார். அரை மணி நின்றாலும் அவர்கள்தான் முதலில் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆற்றங்கரையில் காத்திருப்பது போல் படம் எடுக்க நாத்தனாரை வேனில் முன்னால் அனுப்பிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் இயக்குநரிடமிருந்து போன். இரண்டாவது ஜோடி ஒரு லாரியில் ஏறி, என்னிடம் பையைக் காட்டாமலே நேராக ஆற்றுக்குப் போய் இறங்கிவிட்டதாம். அங்கே ஒரே சண்டை. "உடனே வாங்க சார், கேமராவையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"நான் திரும்பி வந்து விசில் ஊதுறேம்மா. அதுவரைக்கும் இருங்க."

"சரிங்க சார். நான் இங்கேயேதான் இருப்பேன்."

ஆற்றங்கரையில் சண்டையைத் தீர்த்து வைத்தேன். நன்றாகத் தீர்த்து வைத்தேன் என்று இயக்குநர் பாராட்டினான். இரண்டு தடவை சொல்ல வைத்துப் படம் எடுத்தான். பிறகு சாப்பாடு. பிரியாணி. நாத்தனார் வந்து, "எங்க அண்ணி எங்க சார்?" என்று கேட்டார். "இதோ வந்துருவாங்கம்மா" என்றேன். அப்படிச் சொன்னபோதுகூட, போய் அழைத்து வர வேண்டியவன் நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. வெயில் தாங்காமல் காரில் ஏசியைப் போட்டு உட்கார்ந்தேன்.

தூங்கிவிட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. நோயில்லை, மயக்கமில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

கார்க் கண்ணாடியை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள். நாத்தனார். "சார்! எங்க அண்ணி அங்க தனியா நிக்கிறாங்க சார்! அந்தப் பக்கம் போன லாரிக்காரன் சொல்றான்!" வெயில் சாய்ந்து மஞ்சளாகியிருந்தது.

போனோம். தூரத்திலிருந்து பார்த்தபோது அது மனித உருவமாகவே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கல் நட்டு வைத்தது போலிருந்தது. அத்தனை லாரிகளின் தூசியும் அவர் மேல் படிந்திருந்தது. சேலை, கூந்தல், இமை மயிர் எல்லாம் ஒரே நிறம். கண் மட்டும் ஈரமாக இருந்தது. வட்டத்தைக் காணோம். லாரிக் காற்று சுண்ணாம்புக் கோட்டை எப்போதோ வாரிக்கொண்டு போய்விட்டது. வெறும் தரையில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"வட்டம் அழிஞ்சிருச்சு சார்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் அசையல."

நாத்தனார் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலை வாயருகே கொண்டுபோனார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இரு. விசில் ஊதட்டும்."

நான் ஊதினேன். விசில் சரியாக வரவில்லை, இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது. அப்புறம் அவர் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். அரியலூருக்குக் கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் குளுக்கோஸ் ஏற்றினோம்.

அன்று சாயங்காலம் லாட்ஜில் இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மறந்துட்டோம்னு எப்படி சார் காட்ட முடியும்? போலீஸ் வரும், பர்மிஷன் போயிரும், நிகழ்ச்சியே நின்னுரும். நீங்கதான் சார் ஒரு வழி சொல்லணும்." பொய் சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை. அவனை இதில் இழுப்பது நியாயமில்லை. வழி சொன்னது நான். வட்டம் அழிந்துவிட்டது. அவர் அதற்குள் நின்றார் என்பதற்குப் படமில்லை, சாட்சியில்லை. அங்கே இல்லாத ஒரு கோட்டுக்குள் ஒருவர் இருந்தார் என்று எப்படி நிரூபிக்க முடியும்? ஆதாரம் இல்லாதது நடக்கவில்லை. வகுப்பில் எத்தனையோ தடவை இதைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை தொப்பியை வைத்துக்கொண்டு கேமரா முன்னால் அறிவித்தேன். விசிலுக்கு முன்பே வட்டத்தை விட்டு வெளியேறியதால் இந்த ஜோடி நீக்கப்படுகிறது.

நாத்தனார் என்னை அடிக்க வந்தார் என்றே சொல்லலாம். "தூங்குனது நீங்க! நான் கண்ணால பாத்தேன், வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குனீங்க!" அதெல்லாம் ஒளிபரப்பில் வரவில்லை. அவரை இரண்டு பேர் பிடித்துக் கொண்டுபோனார்கள்.

இவர் கத்தவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற பார்வை.

"நான் வெளியில வந்துட்டேனா சார்?"

"தாண்டியிருக்கீங்கம்மா."

"எந்தக் கால் சார்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசிக்கக்கூட இல்லை. "வலது கால்" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். "கடைசியில கொஞ்ச நேரம் கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்ப பட்டிருக்கும்" என்றார். பிறகு, "கணக்குல எடுத்துக்கோங்க சார்" என்றார்.

அது ஒளிபரப்பானது. ஒரு வாரத்தில் அவர் குனிந்து காலைப் பார்க்கும் அந்தத் துண்டுப் படம் எல்லோர் போனிலும் சுற்றியது. யாராவது பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அனுப்புகிற ஸ்டிக்கராகிவிட்டது. என் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலேயே என் மருமகள் ஒருமுறை அனுப்பினாள், என் மகன் இனிப்புச் சாப்பிட்டு மாட்டிக்கொண்டதற்காக. எல்லோரும் சிரித்திருந்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்களோ என்று பயம்.

அதன் பிறகு நான் பகலில் தூங்குவதில்லை. சாப்பிட்டுப் படுத்தால், கண் மூடுகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் அது நின்றுகொண்டிருக்கும். பேசாது, கூப்பிடாது. நான் எழுந்து வருவதற்காகக் காத்திருக்கும்.

போன மாதம் பெரம்பலூருக்குப் போனேன். ஸ்கூல் இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. விசாரித்து வீட்டுக்குப் போனேன். நாத்தனார்தான் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து, "யாரு? சாரா? உள்ள வரச் சொல்லு, வெயில்ல நிக்கிறாங்க பாரு" என்று குரல் வந்தது.

அந்தப் பெண்மணியே காப்பி கொடுத்தார். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான். கிண்டலுக்குப் பயந்து ஆட்கள் வராமல் போய்விட்டார்களா என்று கேட்டேன்.

"பசங்க ரோட்டுல போறப்ப கத்துவானுங்க. ஆனா பொண்ணுங்க வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க சார். நான்தான் மூடிட்டேன்."

"ஏம்மா?"

"கத்துக்குடுக்குற வண்டியில எங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்ல? ஒரு நாள் ஒரு பொண்ணு வண்டியைக் கொண்டுபோயி லாரிக்கு நேரா விட்டுச்சு. நான் மிதிச்சேன். மிதிச்சேனான்னு எனக்கே தெரியல. வண்டி நின்னுச்சு, ஒன்னும் ஆகல. ஆனா அன்னைக்கு மாதிரி, கால் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல சார். தன் கால் எங்க இருக்குன்னு தெரியாதவ, அடுத்த வூட்டுப் பொண்ணை எப்படி உக்கார வச்சுக் கத்துக்குடுக்குறது? அதான், நானே வேணாம்னுட்டேன்."

"இப்பல்லாம் கார்ல ஏறுனா பின்சீட்டுதான்" என்றார் நாத்தனார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கியதை, லாட்ஜில் பேசியதை, வலது கால் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னதை. நீங்கள் ஓர் அங்குலம்கூட அசையவில்லை என்றேன். நாத்தனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவாச்சும் சொன்னாரே மனுசன்" என்றார்.

அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் சிரித்தார். வலி உள்ள குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போன்ற சிரிப்பு.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க சார். தெரியுது. இதுக்காகவா இந்த வயசுல பஸ் ஏறி வந்தீங்க?"

"இல்லம்மா, சத்தியமா..."

"சத்தியம் எல்லாம் பண்ணாதீங்க சார். நடுவரா இருந்தவங்க, அத்தனை பேர் பாக்க, கால் முதக்கொண்டு சொன்னீங்க. அதைப் போயி பொய்யின்னு சொல்லுவீங்களா?"

"அண்ணி, அந்தாளே சொல்றாரு! நானும் இத்தனை வருசமா அதைத்தான சொல்றேன்!"

"நீ என் மேல உள்ள பாசத்துல சொல்ற. சாரு இரக்கத்துல சொல்றாங்க."

நான் எத்தனை விதமாகச் சொன்னேனோ தெரியாது. வாதிடுவது என் தொழில். அன்று ஒரு வாதமும் நிற்கவில்லை. நான் சொல்லச் சொல்ல, நான் நல்லவன் என்ற அவருடைய எண்ணம்தான் வலுத்துக்கொண்டே போனது. நாத்தனார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது இவர் வாசல் வரை வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், இதை வேற யாருகிட்டயும் இப்படிச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. யாராச்சும் நெசம்னு நம்பிட்டா உங்க பேரு கெட்டுப்போயிரும்."

அந்தத் தொலைக்காட்சிக்கு எழுதினேன். பழைய நிகழ்ச்சி, இப்போது யாருக்கும் அக்கறையில்லை என்று பதில் வந்தது. என் மாணவன் போனை எடுப்பதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். இதை நம்புகிறவர்கள் பெரம்பலூர்ப் பக்கம் யாராவது இருந்தால், அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொல்லி அவர் நம்பவில்லை. என் பெயர் இந்தப் பக்கத்தில் அச்சாகும். அவர் பெயரை மட்டும் எழுதவில்லை. ஊரறிய ஒருமுறை நான் அந்தப் பெயரைச் சொன்னது போதும்.